முசல்லாவை விட்டு இறங்காதவள்

எங்கள் முடுக்கில் மோதினாருக்கு முன்னாலேயே தொழுகை நேரத்தைச் சொல்லிவிடுகிற ஒருத்தி இருந்தாள். "அஸர் ஆகப்போகுது, கைகால் கழுவி ஒலுச் செய்ங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். அவள் வாய் மூடுவதற்குள் பள்ளிவாசலில் மோதினார் பாங்கு சொல்லத் தொண்டையைச் செருமுவது கேட்கும். அவள் குரலைக் கேட்டு எங்கள் வரிசையில் அத்தனை பெண்களும் தொழ எழுந்திருப்பார்கள். அவள் மட்டும் தொழமாட்டாள்.

முடுக்கு என்றால் பெண்கள் நடப்பதற்கென்று வீடுகளுக்கு நடுவில் விட்ட சந்து. கீழக்கரையில் அந்தக் காலத்தில் நாங்கள் தெருவில் இறங்கி நடந்தது கிடையாது. வீட்டுக்கு வீடு பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவும் இருக்கும். அதன் வழியாகவே ஓர் ஆண் கண்ணிலும் படாமல் தெருக்கோடி வரைக்கும் போய்வந்துவிடலாம். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவுக்குத் தாழ்ப்பாளே வைக்கவில்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்பதால் அவளை லாத்தா என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்த அக்காளைக் கூப்பிடுவதும் அப்படித்தான். பெயரை எழுத மனமில்லை. அவள் வழியில் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

முற்றத்து நிழலைப் பார்த்துத்தான் அவள் நேரம் சொல்லுவாள். நிழல் எந்தத் தூணைத் தொட்டால் லுஹர், அம்மியை எவ்வளவு தாண்டினால் அஸர் என்று அவளுக்குத் தெரியும். மேகம் மூடின நாளிலும் தவறினதில்லை. தொழுகிறவர்களுக்கு நேரம் தப்பினாலும் தப்பும், அவளுக்குத் தப்பாது. பசித்துக் கிடக்கிறவனுக்கு அடுத்த வீட்டில் சோறு வடிக்கிற சத்தம் கேட்பதைப்போல அவளுக்குப் பாங்கு நேரம் முன்கூட்டியே உடம்பில் கேட்டது என்று பின்னால் நான் நினைத்துக்கொண்டேன்.

முடுக்கில் பெண்கள் சும்மா விடுவார்களா. மோதினார் வீட்டுக்காரியே ஒருநாள், எங்க வீட்டு மனுசருக்கு உடம்புக்கு முடியாமப் போனா உன்னத்தான் மினாராவுல ஏத்தணும் என்று சொல்லிச் சிரித்தாள். இன்னொருத்தி, அவளுக்குத் தெரியாம ஷைத்தானே கண்ணசர முடியாது, ஆனா தொழமட்டும் ஆகாது என்று காதில் விழும்படி சொன்னாள். லாத்தாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்கும்போது மட்டும் சட்டென்று அடிவயிற்றில் கையை வைத்துப் பிடித்துக்கொள்ளுவாள்.

இத்தனைக்கும் சின்ன வயதில் எங்கள் எல்லோரையும்விட நன்றாகக் குர்ஆன் ஓதினவள் அவள். ஓதிக்கொடுத்த ஆச்சி, இவள் சஜ்தாவில் நெற்றியை வைத்தால் எடுக்க மனசு வராதவள் என்று பெருமையாகச் சொல்லுவார். அப்படிப்பட்டவள் தொழுகையை விட்டதற்குக் காரணம் இருந்தது. எனக்கு அது வெகுநாள் கழித்து, எனக்கே பிள்ளை பிறந்த பிறகு தெரிந்தது. படிக்கிறவர்கள் தட்டுக்கெட்டுப் போகவேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். புருஷன் பக்கத்தில் வரக்கூடாது என்பதற்காக அவள் அல்லாஹ்வை விட்டு விலகி நின்றாள்.

எங்கள் ஊரில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. உம்மா வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் பொழுது சாய்ந்ததும் வருவார். பேறுகாலம் ஆனால் அவர் தன் தாய் வீட்டோடு இருந்துகொள்ளுவார். நாற்பதாம் நாள் பெண்ணைத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி போட்டு, தொழுகைப் பாயான முசல்லாவை விரித்து நிறுத்துவார்கள். இரத்தம் நின்று சுத்தமான பெண்தான் தொழலாம் என்பது எங்கள் மார்க்கம். அவள் தொழுகை முடிவில் சலாம் கொடுத்ததும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துச் செய்த வட்டலப்பம் போகும். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டார்கள். வட்டலப்பம் போன அன்று மாப்பிள்ளை அத்தர் பூசிக்கொண்டு வருவார். அப்படி எங்கள் வீடுகளில் முசல்லா விரிந்தது என்றால் அறைக்கதவும் திறந்தது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்ளுவார்கள்.

அவளுக்கும் அப்படித்தான் நடந்தது. தலைப்பிள்ளை, பெண். நாள் கணக்கில் இடுப்பு வலி எடுத்துப் பிறந்த பிள்ளை. கத்திக் கத்தி லாத்தாவின் குரல் அடைத்துப்போய், கடைசியில் காற்றுமட்டும் வந்ததை நான் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். நாற்பதாம் நாள் குளித்தாள். தொழுதாள். வட்டலப்பம் போனது. மாப்பிள்ளை வந்தார். மறுநாள் விடிந்ததும் முசல்லாவைச் சுருட்டி மேலே வைத்துவிட்டு, "திரும்பப் பட்டுருச்சு உம்மா" என்றாளாம். இரத்தம் மறுபடி வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்குப்பிறகு அந்த முசல்லா இறங்கவில்லை. மாப்பிள்ளை அந்த வாரமே தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பலேறிவிட்டார். கொழும்பில் அவருக்குக் கடை. எங்கள் ஊர் ஆண்கள் முக்காலே மூன்று வீசம் பேரும் சபுராளிகள்தான், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து மூன்று நாலு மாதம் இருந்துவிட்டுப் போகிறவர்கள். அவர் இல்லாத நாளிலாவது தொழுதிருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் அவளுடைய மாமியார் பேத்தியைப் பார்க்கிற சாக்கில் வருவார். வந்தவுடன் அவர் கண் முதலில் போவது முசல்லா வைக்கிற பலகைக்குத்தான். விரிந்திருப்பதைப் பார்த்துவிட்டால், மற்ற நாளில் விரிந்ததை முடுக்குப் பெண்கள் சொல்லிவிட்டாலும்கூட, அடுத்த கப்பலில் போகிறவன் வாயில் சேதி போய்விடும். ஆகையால் மாதக் கணக்கு குழம்பிப்போய்விட்டது, விட்டுவிட்டுப் படுகிறது, எந்த நாள் சுத்தம் என்று தெரியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஓதிக்கொடுத்த ஆச்சி வந்து, நின்ன நாளிலாவது தொழு மகளே என்று கேட்டுப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒருநாள் அஸர் நேரத்தில் உப்பு வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நேராக உட்காராமல் ஒரு தொடையைச் சாய்த்து உட்காருவது அவள் வழக்கம். முகம் மேற்கே, தொழுகிற திசையில் இருந்தது. எப்போது எந்த வேலைக்கு உட்கார்ந்தாலும் மேற்கே பார்த்துத்தான் உட்காருவாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. கொஞ்சநேரத்தில் சல்லடையை வைத்துவிட்டு முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தாள். நிமிர்ந்தாள். பிறகு மாவுக்குள் எதையோ தேடுகிறவளைப்போல இன்னும் தாழக் குனிந்தாள். எழுந்தபோது நெற்றியில் மாவு. என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஈ விழுந்துருச்சு புள்ளே" என்றாள்.

நான் உப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒருத்தி திருட்டுத்தனமாகத் தொழுவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து மாப்பிள்ளை வந்தார். கொழும்புச் சவுக்காரம், கட்டம்போட்ட சேலை, பிள்ளைக்குச் சாவி கொடுத்தால் ஆடுகிற தகரக் குருவி எல்லாம் வந்தன. மாமியார் வந்து இவள் உம்மாவைக் கூப்பிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். என் மகன் கொழும்பில் சந்நியாசியாக இருந்துவிட்டு இங்கேயும் சந்நியாசியாக இருக்கவேண்டுமா, இந்தத் தடவை இல்லாவிட்டால் நான் வேறு இடம் பார்க்கிறேன் என்று. உம்மா அழுதார். காலைப் பிடிக்காத குறைதான். கடைசியில் லாத்தா தலைக்கு ஊற்றிக்கொண்டாள். முசல்லா இறங்கியது. வட்டலப்பம் போனது.

அன்று பொழுது சாய்ந்து மஃரிபுக்கு அவள் தொழ நின்றதை நாங்கள் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு வருஷத்துப் பசி. அவள் முகத்தைப் பார்த்தால் நமக்கே தொழத் தோன்றும். மாப்பிள்ளை வந்தார், அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் மஃரிபை முடித்தாள். சலாம் கொடுத்த கையோடு அடுத்ததற்கு நின்றாள். அதை முடித்து அதற்கு அடுத்தது. இஷா வந்தது, அதையும் தொழுதாள். விட்டுப்போனதையெல்லாம் களாச் செய்கிறேன் என்றாள். விட்ட தொழுகையைத் திருப்பித் தொழுவதற்குப் பெயர் களா. அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தூங்கிப்போனார்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். தொழுகிறவர்களுக்கு முன்னால் நாங்கள் குறுக்கே நடக்கமாட்டோம். கூப்பிடமாட்டோம், தொடமாட்டோம். பிள்ளை அழுதால்கூட அவள் சலாம் கொடுக்கிறவரைக்கும் வேறொருத்தி தூக்கிக்கொள்ளவேண்டியதுதான். மாப்பிள்ளை என்ன செய்வார். கட்டிய பெண் அளவுக்கு மீறித் தொழுகிறாள் என்று எந்த ஆண்பிள்ளை போய்ப் பஞ்சாயத்து வைப்பான். பள்ளிவாசலில் அவர் காதுபடவே, உமக்குக் கிடைத்தது சுவர்க்கத்துப் பெண் என்று பெரியவர்கள் பாராட்டினார்களாம். முடுக்கில் இருந்த பெண்களின் பேச்சும் மாறிவிட்டது. தொழாதவள் என்று சிரித்தவர்களே, காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுவந்து அவளிடம் ஓதி ஊதி வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் அவள் வீட்டுக்குள் போகவே என்னவோபோல இருக்கும். எப்போது போனாலும் அந்த வெள்ளைத் துப்பட்டி மேற்கே பார்த்து நின்றுகொண்டிருக்கும். முதுகு மட்டும்தான் தெரியும்.

அவளை அவள் தொழுகையே காட்டிக்கொடுத்தது. ஓதிக்கொடுத்த ஆச்சி ஒருநாள் வந்து அவள் முடிப்பதற்காகக் காத்திருந்தார். மாமியாரும் அங்கே இருந்தார். அவள் சலாம் கொடுத்ததும் ஆச்சி மெதுவாகக் கேட்டார்.

"சுத்தமில்லாத நாளுக்குக் களா கிடையாதே மகளே. பொம்பளைக்கு அல்லாஹ் மன்னிச்சது அது. நீ எந்த நாளைத் திருப்பித் தொழுவுறே?"

அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். இரத்தம் பட்டிருக்கிற நாளின் நோன்பைத் திருப்பி நோற்கவேண்டும், தொழுகையைத் திருப்பித் தொழவேண்டியதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அவளைத் தவிர வேறு யாராக இருந்தாலும் விட்டதைத் திருப்பித் தொழாமல் இருந்திருப்பார்கள். இவளால் முடியவில்லை. மனுஷருக்குப் பொய் சொன்னாள், அல்லாஹ்வுக்குச் சேரவேண்டியதை வைத்துக்கொள்ள அவளுக்குத் துணிச்சல் இல்லை. சுத்தமாக இருந்த நாட்களுக்குத்தான் அவள் திருப்பித் தொழுதுகொண்டிருந்தாள்.

லாத்தா ஆச்சியைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். பிறகு கை இரண்டையும் காதுவரைக்கும் உயர்த்தித் தக்பீர் கட்டித் தொழுகைக்குள் போய்விட்டாள். மாமியார் எழுந்து போனார். அந்த வாரமே தொண்டியில் ஒரு பெண் இருப்பதாகப் பேச்சு வந்தது. இவள் உம்மா படுத்த படுக்கையானார். எத்தனையோ கேட்டும் ஏன் அப்படிச் செய்தாள் என்பதை லாத்தா சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் நான் பேறுகாலம் ஆகிப் படுத்திருந்தேன். எனக்கும் தலைப்பிள்ளை. பிள்ளை பெரிது. கிழிந்துவிட்டது. மருத்துவச்சி மருந்தைப் பூசிவிட்டுப் போய்விட்டாள். எங்கள் உம்மா கேட்டது சோறு தின்றாயா, பால் ஊறுகிறதா, இரத்தம் குறைந்ததா, இந்த மூன்றும்தான். பார்க்க வந்தவர்கள் பிள்ளை யார் சாயல் என்று கேட்டார்கள். ஒருநாள் பகலில் லாத்தா பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தாள். எங்கள் உம்மாவிடம் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டு என் காதோடு குனிந்தாள்.

"சிரிச்சா நனையுதா?"

நான் அவளையே பார்த்தேன்.

"கூச்சப்படாத. உட்காரும்போது அறுக்குதா? உள்ள ஏதும் எறங்கி வாசல்ல நிக்கிற மாரி இருக்கா?"

முதல் இரண்டுக்கும் ஆமாம் என்றேன். மூன்றாவதற்கு இல்லை என்றேன். அப்படியென்றால் நீ பிழைத்தாய் என்று சொல்லி என் தலையைத் தடவினாள். எனக்கு அழுகை வந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து என் உடம்பைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதே அவள் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாற்பதாம் நாள் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் நான் பயந்துகொண்டிருந்தேன். இன்னதற்குப் பயப்படுகிறேன் என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லாமல் இருந்தது.

அன்று அவள் தன் சங்கதியைச் சொன்னாள். பிள்ளை பிறந்ததோடு அவளுக்கு அடி இறங்கிவிட்டது. நின்றால் நடந்தால் உள்ளே இருக்கவேண்டியது வெளியே வந்து நிற்கும். கையால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் மாவு இடிக்கப் போவாளாம். உம்மாவுக்குக்கூடத் தெரியாது. நாற்பதாம் நாள் புருஷன் வந்தபோது உயிர் போகிற வலி. தலையணையைக் கடித்துக்கொண்டாள். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, விலகிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவுக சொவத்தப் பாக்கத் திரும்பிப் படுத்துக்கிட்டாக புள்ளே. நான் ஆகாதவளாப் போயிட்டேன்னு தெரிஞ்சிருச்சு. இன்னொரு வாட்டி அந்த முதுகைப் பாக்க என்னால முடியாது" என்றாள்.

என்னால் முடியவில்லை, வலிக்கிறது, டாக்டரிடம் போகவேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் நான் நேராகச் சொன்னேன். சொல்ல எனக்கு வாய் கொடுத்தவள் அவள். அவருக்குக் காது சிவந்துபோனது, ஆனாலும் சரி என்றார். இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். துணைக்கு லாத்தா வரவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவளையும் காட்டிவிடலாம் என்பது என் எண்ணம். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் வந்தாள். பஸ்ஸில் திருப்புல்லாணி தாண்டுகிறவரைக்கும் என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். புண் ஆறாமல் இருந்ததைச் சுத்தம்செய்து தைத்தார். ஆறினபிறகு மூத்திரத்தை அடக்குகிறமாதிரி உள்ளே இழுத்துப் பிடித்துப் பிடித்து விடச் சொன்னார். வலி போகிறவரைக்கும் புருஷனைக் காத்திருக்கச் சொல்லு, அது உன் உடம்பு என்றார். அப்படி ஒரு பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வெளியே வந்து, உள்ளே போங்க லாத்தா என்றேன். லாத்தா எழுந்தாள். உள்ளே இருந்த இரும்புக் கட்டிலையும் அதில் கால் வைக்கிற வளையத்தையும் திரைக்கு இடையில் பார்த்துவிட்டாள்.

"லுஹர் ஆயிருச்சு. தொழுதுட்டு வந்துர்றேன்" என்றாள்.

வராந்தாவின் கோடியில் துப்பட்டியை விரித்து நின்றாள். லுஹர் முடிந்தது. அவள் உட்காரவில்லை. அடுத்ததற்கு நின்றாள். நர்ஸம்மா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். டாக்டரே வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அவள் முதுகைப் பார்த்தபடி நின்றார். தொழுகிறவளை எப்படிக் கூப்பிடுவது என்று என்னைக் கேட்டார். கூப்பிடக்கூடாது என்றேன். அவருக்கு வேறு வேலை வந்தது, போய்விட்டார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அவள் தொழுதாள்.

என் வலி போய்விட்டது. பயம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை, ஆனால் என் வீட்டுக்காரர் காத்திருந்தார். ஒருநாள் நானாகவே அவர் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான் எழுதுவேன். மறுநாள் காலை நான் கிணற்றடியில் நிமிர்ந்து நின்று தண்ணீர் இறைத்தேன். அப்படி இறைத்துக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கத்தில் அவள் தக்பீர் சொல்லுகிற சத்தம் கேட்டது. வாளியை விட்டுவிட்டேன்.

தொண்டிப் பெண்ணைப் பார்க்க மாமியார் கிளம்புகிற தேதி குறித்தாகிவிட்டது. அன்று பகல் லாத்தாவின் மாப்பிள்ளை முன்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய், நடைக்கதவுக்குப் பின்னால் நின்று அவரோடு பேசினேன். அந்நிய ஆணோடு நான் முதன்முதலாகப் பேசினது அன்றைக்குத்தான். வெட்கப்படவில்லை, இன்றைக்கும் படவில்லை.

"காக்கா, லாத்தாவுக்கு உள்ள காயம். பிள்ளை பொறந்ததுலேர்ந்து. உங்ககிட்ட காட்டப் பயந்துக்கிட்டுத் தொழுவுறாக" என்றேன். மூத்த ஆணை எங்கள் ஊரில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. போய்விட்டாரோ என்று நினைத்தேன்.

"என்னைய அவளுக்கு ஆகலைன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

அன்று அஸருக்கு அவர் பள்ளிக்குப் போகவில்லை. லாத்தாவின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்தேன். லாத்தா முசல்லாவில் நின்று கையை உயர்த்தப்போனாள். அவர் ஒலுச் செய்த ஈரக் கையோடு வந்து, "ஜமாஅத்தாத் தொழுவோம் புள்ளே" என்று சொல்லி அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஜமாஅத் என்றால் ஒருவர் முன்னே நின்று தொழுவிக்க மற்றவர்கள் பின்னால் நின்று தொழுவது. அவர் குனிந்தால் குனியவேண்டும், நிமிர்ந்தால் நிமிரவேண்டும், அவர் சலாம் கொடுத்தால் அவளும் கொடுத்துத்தான் ஆகவேண்டும். வேண்டாமென்று சொல்ல ஈமான் உள்ள எந்தப் பெண்ணாலும் முடியாது. அவளுக்குத் தப்பிக்க இருந்த ஒரே இடத்துக்குள் அவர் வந்து நின்றுவிட்டார். கெட்டிக்காரத்தனமா கருணையா என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அவர் சலாம் கொடுத்தார். அவளும் கொடுத்தாள். எழுந்திருக்காமல் உட்கார்ந்தபடியே அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் கை களாவுக்காக மேலே எழும்பியது.

"வலிச்சுச்சா?" என்றார்.

கை பாதியில் நின்றது.

"நீங்க திரும்பிப் படுத்தீங்க."

"காயப்படுத்திட்டேன்னு பயந்துட்டேன். உன் மொகத்தப் பாக்க முடியலை."

அவள் அவரை முதன்முதலாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள். கோபம் வரும், அழுகை வரும் என்று நான் திரைக்குப் பின்னால் காத்திருந்தேன். இரண்டும் வரவில்லை.

"நான் ரெண்டு வருசம் தொழலை" என்றாள்.

அவர் கொழும்புப் பயணத்தைத் தள்ளிப்போட்டார். தன் தாயிடம் என்ன சொன்னாரோ, தொண்டிப் பேச்சு நின்றது. அவரே இராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனார். அவள் உள்ளே போய் அந்த இரும்புக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். டாக்டர் அறுத்துத் தைத்தார். மாதக்கணக்கில் ஆறியது. பிறகு அவள் நேராக உட்கார்ந்தாள், பிள்ளையை இடுப்பில் தூக்கினாள், இன்னொரு பிள்ளையும் பெற்றாள். அது ஆண். அவர் நல்ல மனுஷர். அறை வாசலில் நின்று செருமிவிட்டு அவள் கூப்பிடுகிறவரைக்கும் உள்ளே வராத ஓர் ஆணை நான் எங்கள் தெருவில் அவரைத் தவிரப் பார்த்ததில்லை.

ஆனால் அவர் நிழல் வாசலில் விழுந்ததும் அவள் கை இரண்டும் எழும்பிக் காதுக்குப் போய்விடும். என்ன வேலையில் இருந்தாலும் சரி, கரண்டியோடு எழும்பும், ஊசி நூலோடு எழும்பும். அவர் பார்க்காததுபோல வேறு பக்கம் பார்த்து நிற்பார். சில நாள் அவள் கையை இறக்கிவிட்டு, வாங்க என்பாள். சில நாள் இறக்க முடியாமல் அப்படியே தொழப் போய்விடுவாள். அவர் திரும்பி நடப்பார்.

கடைசியாக நான் அதைப் பார்த்தபோது ஒரு மழைக்காலம். நாங்கள் இருவரும் அறைக்குள் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். நடையில் கொடியில் காயப்போட்டிருந்த அவர் இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் காற்றில் ஆடியது. அதன் நிழல் வாசற்படியில் விழுந்து நகர்ந்தது. லாத்தாவின் கை இரண்டும் மேலே போயின. விரல் இடுக்கிலிருந்து அரிசி உதிர்ந்தது. நான் சாரத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், பிறகு காதோரம் நின்றிருந்த தன் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அவுக கொழும்புல இருக்காக புள்ளே" என்றாள். "இதுகளுக்குத் தெரியலை."